ஒரு படம்கூட எடுக்காதவர்... சினிமா வர்த்தக சபைக்கு முதல் தலைவர்! யார் இந்த தீரர் சத்தியமூர்த்தி?

திரைத்துறை சங்கங்களுக்குத் தேர்தல் வந்துவிட்டால் போதும், டிவியில் நாள் முழுக்க அதுதான் ஓடும். தயாரிப்பாளர் சங்கத்துக்குத் தயாரிப்பாளர் நிற்பார், நடிகர் சங்கத்துக்கு நடிகர் நிற்பார், தியேட்டர் உரிமையாளர் சங்கத்துக்குத் தியேட்டர் வைத்திருப்பவர் நிற்பார். இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

ஆனா, தென்னிந்திய சினிமா முழுவதுக்கும் சேர்த்து ஒரு வர்த்தக சபை உருவானபோது, அதன் முதல் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் தயாரிப்பாளர் இல்லை. இயக்குநர் இல்லை. சினிமா நடிகரும் இல்லை, தியேட்டர் முதலாளியும் இல்லை. அவர் ஒரு வக்கீல். காங்கிரஸ்காரர். டெல்லி மத்திய சட்டசபையில் கேள்வி நேரத்தில் எழுந்து நின்றாலே எதிர்வரிசையில் இருக்கும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வேலை வந்துவிடும் என்று பெயர் வாங்கியவர்.

தீரர் எஸ். சத்தியமூர்த்தி.

இன்றைக்கு அவர் பெயரைக் கேட்டதும் பலருக்கு ராயப்பேட்டை சத்தியமூர்த்தி பவன் நினைவுக்கு வரும். காமராஜரின் குரு என்பது நினைவுக்கு வரும். சென்னைவாசிகள் என்றால் பூண்டி ஏரியும் சேர்ந்து வரும். சினிமா? அது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத பக்கம். அந்தப் பக்கத்தைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

திருமயத்திலிருந்து மெட்ராஸுக்கு

1887-ம் ஆண்டு ஆகஸ்ட் 19. புதுக்கோட்டை சமஸ்தானத்தில், கோட்டைக்குப் பெயர்போன திருமயத்தில் பிறந்தார் சத்தியமூர்த்தி. சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். குடும்பப் பொறுப்பு இளம் வயதிலேயே தோளில் ஏறியது.

புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி, பிறகு மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி, அதன் பிறகு சட்டக் கல்லூரி. அந்தக் காலத்தில் படித்த குடும்பத்துப் பையன்கள் போன அதே பாதைதான். வக்கீல் ஆனார். ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரே வேகத்தில் பேசுவார், சமஸ்கிருதமும் தெரியும். கோர்ட்டில் நிலைத்து நின்றிருந்தால் நல்ல வருமானம் வந்திருக்கும். ஆனா மனசு அரசியலில் இருந்தது.

1919-ல் மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம் பற்றிப் பேச காங்கிரஸ் சார்பில் இங்கிலாந்துக்குப் போன குழுவில் அவரும் ஒருவர். அப்போது வயது 32. 1923-ல் மெட்ராஸ் சட்ட மேலவைக்குள் நுழைந்தார். சட்டசபைக்குள் போய் உள்ளிருந்தே அரசை எதிர்ப்பது என்ற சுயராஜ்யக் கட்சியின் வழி அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. 1934-ல் நடந்த மத்திய சட்டசபைத் தேர்தலில் மெட்ராஸில் நீதிக்கட்சியின் பெரிய தலை ஏ. ராமசாமி முதலியாரைத் தோற்கடித்து டெல்லிக்குப் போனார்.

இதுவரை கேட்டால் வழக்கமான அரசியல்வாதியின் கதைதான். சினிமாக்காரர்கள் இவரை ஏன் தேடி வந்தார்கள்? அதற்கு அவர் வாழ்க்கையின் மாலை நேரங்களைப் பார்க்க வேண்டும்.

பகலில் வக்கீல், மாலையில் மனோகரன்

மெட்ராஸில் சுகுண விலாஸ சபா என்று ஒரு நாடக சபை. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கியது. சம்பந்த முதலியாரும் வக்கீல்தான், பின்னாளில் நீதிபதியாகவும் இருந்தார். சபையின் உறுப்பினர்களும் அதே ரகம்: வக்கீல்கள், அரசு அதிகாரிகள், படித்த நடுத்தர வர்க்கத்தினர். காசுக்காக நடிக்காமல், ஆசைக்காக நடித்தவர்கள். விக்டோரியா பப்ளிக் ஹாலில் அவர்கள் நாடகம் போட்டால் ஊரின் பெரிய மனிதர்கள் எல்லாம் முன்வரிசையில் இருப்பார்கள்.

இந்த சபாவில் சத்தியமூர்த்தி உறுப்பினர். மனோகரா நாடகத்தில் மனோகரனாகவே நடித்தவர். மேடை ஏறி, அரிதாரம் பூசி, வசனம் பேசியவர். சட்டசபையில் அவருடைய குரலும் நிறுத்தி நிதானித்துப் பேசும் அழகும் எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதே ஊரில், அதே காலத்தில் இன்னொரு நாடக உலகமும் இருந்தது. பாய்ஸ் கம்பெனிகள், ஸ்பெஷல் நாடகங்கள், ஊர் ஊராகக் கொட்டகை போட்டு விடிய விடியப் பாடி நடித்துப் பிழைத்த கலைஞர்கள். கூட்டம் அவர்களுக்குத்தான். மரியாதை மட்டும் கிடையாது. கூத்தாடி என்ற சொல் அப்போது வசவு. வீடு வாடகைக்குக் கிடைக்காது, நல்ல குடும்பத்தில் பெண் கொடுக்க மாட்டார்கள். வக்கீல் நடித்தால் அது கலை ஆர்வம், கம்பெனி நடிகர் நடித்தால் அது இழிதொழில். இதுதான் அன்றைய கணக்கு.

சத்தியமூர்த்தி முதல் உலகத்தைச் சேர்ந்தவர். ஆனால் இரண்டாவது உலகத்தின் பலம் என்ன என்பதை அன்றைய காங்கிரஸ் தலைவர்களில் முதலில் புரிந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர்.

மைக் இல்லாத காலத்தில் ஒரு குரல்

எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் அதிகம் இருந்த காலம். பத்திரிகையில் எழுதினால் எத்தனை பேருக்குப் போய்ச் சேரும்? ஆனா எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மேடையில் பாடினால் பல்லாயிரம் பேர் கேட்பார்கள். மைக் இல்லாமலேயே கடைசி வரிசை வரைக்கும் குரல் போகும். நாடகக் கதை வள்ளி திருமணமாக இருக்கும், நடுவில் கதரைப் பற்றியும் வெள்ளைக்கொக்கு பற்றியும் பாட்டு வரும். அந்த வெள்ளைக்கொக்கு யாரென்று கூட்டத்துக்கும் தெரியும், ஓரமாக நிற்கும் போலீஸ்காரருக்கும் தெரியும்.

அதற்கு விலையும் இருந்தது. 1876-ம் ஆண்டின் நாடகச் சட்டம் கையில் இருந்தது, அதை வைத்து அரசு நாடகங்களைத் தடுத்தது. தேசபக்திப் பாடல்களைப் பாடியதற்காக விஸ்வநாததாஸ் திரும்பத் திரும்பக் கைதானார். 1940 டிசம்பர் 31-ம் தேதி, முருகன் வேடத்தில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

இப்படிப்பட்ட கலைஞர்களைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்து வந்து, தலைவர்களுக்குச் சமமாக உட்கார வைத்ததில் சத்தியமூர்த்தியின் பங்கு பெரிது. கிட்டப்பா 1933-ல் இறந்த பிறகு வெள்ளைப் புடவையோடு ஒதுங்கியிருந்த சுந்தராம்பாள், பின்னர் நந்தனார் படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கியது ஊரே பேசிய செய்தி. அந்த சுந்தராம்பாளைத் தேர்தல் பிரசாரத்துக்கு அழைத்து வந்தவர் சத்தியமூர்த்தி. முதலில் சுந்தராம்பாள் பாட்டு, பிறகு சத்தியமூர்த்தி பேச்சு. கூட்டம் எதற்காக வந்தது என்று கேட்கக் கூடாது!

காங்கிரஸுக்குள்ளேயே இதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். காந்திக்கு சினிமா பிடிக்காது, தான் சினிமாவுக்குப் போனதே இல்லை என்று அரசு அமைத்த விசாரணைக் குழுவுக்கே பதில் எழுதியவர் அவர். ராஜாஜிக்கும் சினிமா மேல் நல்ல அபிப்பிராயம் கிடையாது. தலைவர்கள் இருவரும் தீமை என்று ஒதுக்கிய ஒன்றை, அதே கட்சியில் இருந்துகொண்டு ஒருவர் தொழில் என்றும் கலை என்றும் பேசினார் என்பதுதான் இங்கே முக்கியம்.

சினிமாவை யார் கையில் வைத்திருந்தார்கள்?

சரி, சினிமாக்காரர்களுக்கு என்ன பிரச்சனை? எதற்கு ஒரு வக்கீல் தேவைப்பட்டார்?

1918-ல் பிரிட்டிஷ் அரசு சினிமா சட்டம் கொண்டுவந்தது. தியேட்டருக்கு லைசென்ஸ், படத்துக்கு சென்சார். லைசென்ஸ் கேட்டதில் நியாயம் உண்டு. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும். ஒரு பொறி பட்டால் கொட்டகையே போய்விடும். ஆனா சென்சார்?

1920-ல் பம்பாய், கல்கத்தா, ரங்கூனோடு மெட்ராஸிலும் சென்சார் போர்டு வந்தது. அதற்குத் தலைவர் யார் தெரியுமா? மெட்ராஸ் போலீஸ் கமிஷனர். ஊரில் திருட்டு, கலவரத்தைப் பார்க்கிறவரே படத்தில் எந்தக் காட்சி இருக்கலாம், எது கூடாது என்றும் முடிவு செய்வார். அவர் கண்ணுக்கு முதலில் தெரிவது கதையா, கதர்க் குல்லாயா? பதில் சொல்லத் தேவையில்லை.

1927-ல் இந்திய சினிமா நிலைமையை ஆராய அரசு ஒரு குழு போட்டது. மூன்று இந்தியர், மூன்று ஐரோப்பியர். தலைவர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். அவர் யார்? மெட்ராஸ் வக்கீல். சட்டசபை உறுப்பினர். இங்கேயும் வக்கீல்தான்!

ஆனால் அந்தக் குழு வேலை செய்தது. இந்தியா முழுக்கச் சுற்றி 353 பேரிடம் சாட்சியம் வாங்கியது. வெளிநாட்டிலிருந்து வரும் கச்சா பிலிம் மீதான சுங்க வரியை எடுக்க வேண்டும், படம் எடுப்பவர்களுக்கு அரசு கடன் கொடுக்க வேண்டும், சினிமாவுக்குத் தனித் துறை வேண்டும் என்றெல்லாம் 1928-ல் அறிக்கை கொடுத்தது. குழுவின் ஐரோப்பிய உறுப்பினர்கள் தனிக்குறிப்பு எழுதி விலகி நின்றார்கள். அறிக்கை அலமாரிக்குள் போனது. இன்றைக்கும் இந்திய சினிமா வரலாற்றை எழுதுபவர்கள் அந்த சாட்சியங்களைத்தான் புரட்டுகிறார்கள், அது வேறு கதை.

இதற்கிடையில் 1931-ல் காளிதாஸ் வந்தது, சினிமா தமிழ் பேச ஆரம்பித்தது. முதலில் தமிழ்ப் படம் எடுக்கவே பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயில் ஏற வேண்டும். 1934-ல் ஏ. நாராயணனின் ஸ்ரீனிவாசா சினிடோன் மெட்ராஸில் ஒலிப்பட ஸ்டூடியோ தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. சேலம், கோயம்புத்தூர் என்று ஸ்டூடியோக்கள் முளைத்தன. தமிழ், தெலுங்குப் படங்கள் பெருகின.

பணம் புரளத் தொடங்கியதும் சிக்கலும் வந்தது. படம் எடுக்கிறவர் ஒருவர், வாங்கி விநியோகிக்கிறவர் ஒருவர், கொட்டகையில் ஓட்டுகிறவர் இன்னொருவர். மூன்று பேருக்கும் நடுவில் கணக்குத் தகராறு. அரசோடு பேச வேண்டுமென்றால் யார் பேசுவது? பேங்க் கடன் தராது. சினிமா என்றால் சூதாட்டம் மாதிரி என்றுதான் பணக்கார வீடுகளில் நினைத்தார்கள். இந்த மூன்று தரப்பையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவரத்தான் 1930-களின் கடைசியில் தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை உருவானது.

ஏன் சத்தியமூர்த்தி?

இப்போது அந்த நாற்காலியை யோசித்துப் பாருங்கள். தயாரிப்பாளர் ஒருவரைத் தலைவராகப் போட்டால் விநியோகஸ்தர்கள் சந்தேகப்படுவார்கள். தியேட்டர்காரரைப் போட்டால் தயாரிப்பாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். எந்தத் தரப்பிலும் காசு போடாத ஒருவர் வேண்டும்.

அவருக்கு சட்டம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பிரச்சனைகள் எல்லாமே சட்டத்தில் இருந்தன. சுங்க வரி, கச்சா பிலிம் இறக்குமதி எல்லாம் டெல்லி கையில். ஆகவே டெல்லியில் அவர் குரல் எடுபட வேண்டும். மாகாணத்தில் 1937 தேர்தலில் 215 இடங்களில் 159-ஐப் பிடித்துக் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்திருந்தது. ஆகவே காங்கிரஸ்காரராக இருந்தால் இன்னும் நல்லது. அதற்கும் மேல், நடிகர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாத ஆளாக இருக்க வேண்டும்.

இந்த எல்லாத் தகுதியும் ஒரே ஆளிடம் இருந்தது. சினிமா அனுபவம் ஒன்றுதான் இல்லை. அது அவர்களிடமே நிறைய இருந்தது!

அந்தக் காலத்துக் கலை அமைப்புகள் எதை எடுத்தாலும் உள்ளே ஒரு வக்கீல் இருப்பார். 1927 மெட்ராஸ் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்த மியூசிக் அகாடமியில் முக்கியமாக இருந்த இ. கிருஷ்ணையர் வக்கீல், சதிர் ஆட்டத்தைக் காப்பாற்றத் தானே பெண் வேடமிட்டு ஆடியவர். பாலயோகினி எடுத்த இயக்குநர் கே. சுப்ரமணியம் வக்கீலுக்குப் படித்தவர், தென்னிந்தியத் திரைத்துறை அமைப்புகளைக் கட்டியெழுப்பியதில் அவர் பெயர் இல்லாமல் பேச முடியாது. அரசுக்கு மனு எழுத, விதிமுறை வகுக்க, கூட்டம் நடத்த, தீர்மானம் போடத் தெரிந்த வர்க்கம் அன்றைக்கு அதுதான். அந்தப் பின்னணிக்கு ஒரு குறையும் இருந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

தியாகபூமி: காற்று வீசிய கொஞ்ச நாள்

காங்கிரஸ் ஆட்சியில் இருந்த 1937 முதல் 1939 வரை சென்சார் கத்தரி மழுங்கியது. திரையில் ராட்டை வந்தது, காந்தி படம் வந்தது, கதர் குல்லாய் வந்தது. அதன் உச்சம் 1939 மே மாதம் வெளியான தியாகபூமி.

கல்கி எழுதிய கதை. ஆனந்த விகடனில் தொடராக வந்தபோதே படத்தின் ஸ்டில்களும் கூடவே வந்தன. இன்றைய ஆட்கள் சினிமா புரமோஷன் என்று சொல்வதை அப்போதே செய்துவிட்டார்கள். சாம்பு சாஸ்திரியாக பாபநாசம் சிவன், அவர் மகளாக எஸ்.டி. சுப்புலட்சுமி, கூடவே பேபி சரோஜா. கணவனால் கைவிடப்பட்ட பெண் திரும்பி வந்து, அவனோடு சேர்ந்து வாழ மறுத்து, ஜீவனாம்சம் தானே கொடுக்கத் தயார் என்று நிற்கும் கதை. கடைசியில் சுதந்திரப் போராட்டத்தில் இறங்குகிறாள்.

1939 அக்டோபரில், இந்தியாவைக் கேட்காமல் உலகப் போருக்குள் இழுத்ததைக் கண்டித்துக் காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா செய்தது. கவர்னர் ஆட்சி வந்தது. தியாகபூமிக்குத் தடை வந்தது. தடை வரப்போகிறது என்று தெரிந்ததும் மெட்ராஸ் கெயிட்டி தியேட்டரில் இலவசமாகவே காட்சிகளை ஓட்டினார்கள், கூட்டம் அலைமோதியது, போலீஸ் தடியடி நடத்தியது.

சென்சார் விதிகள் மாறவே இல்லை, நாற்காலியில் இருந்தவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான் நடந்தது. சட்டம் தெரிந்த தலைவர் இருந்தும் வர்த்தக சபையால் அந்தத் தடையைத் தடுக்க முடியவில்லை.

சொந்தக் கட்சியே போட்ட வரி

இன்னொரு சங்கடம் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. 1937-ல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்து, பிறகு வேறு மாவட்டங்களுக்கும் விரித்தது. கள், சாராய வருமானம் போனது. கஜானாவில் விழுந்த ஓட்டையை எப்படி அடைப்பது? 1939-ல் விற்பனை வரி வந்தது. கூடவே கேளிக்கை வரிச் சட்டமும் வந்தது.

கேளிக்கை வரி எப்படி வேலை செய்யும் என்பது எளிது. டிக்கெட் விலையோடு சேர்த்து தியேட்டர் வாசலிலேயே வசூலித்து அரசுக்குக் கட்டிவிட வேண்டும். மிச்சம் இருப்பதைத்தான் தியேட்டர், விநியோகஸ்தர், தயாரிப்பாளர் பிரித்துக்கொள்வார்கள். டிக்கெட் விலையை ஏற்றினால் தரை டிக்கெட் ரசிகர் வர மாட்டார், ஏற்றாவிட்டால் பங்கு குறையும். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது கேளிக்கை வரி பற்றி நடந்த சண்டையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்காது.

சினிமாவின் பக்கம் நின்ற தலைவரின் கட்சியே சினிமா டிக்கெட்டுக்கு வரி போட்டது. ராஜாஜிக்கும் சத்தியமூர்த்திக்கும் இடையே ஏற்கெனவே ஒரு கசப்பு உண்டு. 1937-ல் மெட்ராஸ் பல்கலைக்கழகத் தொகுதியை ராஜாஜிக்காக விட்டுக்கொடுத்தவர் சத்தியமூர்த்தி. மந்திரிசபையில் இடம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைக்கவில்லை. அமைச்சராகி உள்ளே இருந்திருந்தால் கேளிக்கை வரியின் கதை வேறு மாதிரி போயிருக்குமோ என்னவோ. வெளியில் நின்றவரால் ஆனது மனு கொடுப்பதும் மேடையில் பேசுவதும்தான்.

மறைக்கக் கூடாத ஒரு பக்கம்

கலைஞர்களின் நண்பர் என்று சொல்லும்போது இதையும் சொல்லியாக வேண்டும். 1927-ல் மெட்ராஸ் மேலவைக்கு நியமிக்கப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அப்போது அதே அவையில் இருந்த சத்தியமூர்த்தி அதை எதிர்த்தார். மரபும் கலையும் அழிந்துபோகும், சட்டத்தால் சமூக வழக்கத்தில் கை வைக்கக் கூடாது என்பது அவர் தரப்பு. கலை அழிந்துவிடும் என்று கவலைப்பட்டவர், அந்தக் கலையைச் சுமந்த பெண்களின் நிலைமையை முத்துலட்சுமி பார்த்த அளவுக்குப் பார்க்கவில்லை. தேவதாசி ஒழிப்புச் சட்டம் முழுமையாக நிறைவேற 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மேலே சொன்ன குறை இதுதான். சபாவில் ஆசைக்காக நடித்த வர்க்கத்தின் கண்ணுக்குக் கலை தெரிந்தது. பிழைப்புக்காக அதில் இருந்தவர்களின் வாழ்க்கை பாதிதான் தெரிந்தது. வர்த்தக சபையிலும் தயாரிப்பாளர், விநியோகஸ்தர், தியேட்டர்காரர் இருந்தார்கள். லைட் தூக்கியவருக்கும் மேக்கப் போட்டவருக்கும் அதில் நாற்காலி இல்லை. அவர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கங்கள் கட்டிக்கொள்ள இன்னும் பல வருஷம் ஆனது.

மேயர், பூண்டி, சிறை

1939-ல் சத்தியமூர்த்தி மெட்ராஸ் மேயர் ஆனார். நகரம் குடிதண்ணீருக்குத் தவித்த நேரம். கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்ட ஒப்புதல் வாங்க விடாமல் முயன்று, 1940-ல் வேலையைத் தொடங்க வைத்தார். போர் நேரத்தில், கவர்னர் ஆட்சியிடம் இந்தக் காரியத்தைச் சாதித்தது சின்ன விஷயம் இல்லை. 1944-ல் வேலை முடிந்தது. பார்க்க அவர் இல்லை. அதற்குத்தான் இப்போது சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர்.

1936-ல் அவர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்தபோது காமராஜர் செயலாளர். 1940-ல் காமராஜர் தலைவர், சத்தியமூர்த்தி செயலாளர். சீடனுக்குக் கீழே வேலை பார்ப்பதில் அவருக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம். பம்பாய் காங்கிரஸ் கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பியவரைக் கைது செய்து, சொந்த மாகாணத்திலேயே வைக்காமல் மத்திய மாகாணத்தின் அமராவதி சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஏற்கெனவே உடம்பு சரியில்லை. முதுகுத்தண்டில் ஏற்பட்ட பாதிப்பு அங்கே மோசமானது. கடைசியில் மெட்ராஸ் பொது மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். 1943 மார்ச் 28-ம் தேதி அங்கேயே இறந்தார். வயது 55.

அவர் சிறையில் இருந்த அந்தக் காலத்தில்தான் சினிமாவுக்கும் பெரிய நெருக்கடி. போரால் கச்சா பிலிம் வரத்து சுருங்கியது. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. அதாவது சுமார் இரண்டு மணி நேரம். அதற்கு முன்பு நாற்பது, ஐம்பது பாட்டோடு மணிக்கணக்கில் ஓடிய தமிழ்ப் படம், வேறு வழியில்லாமல் பாட்டைக் குறைத்து வசனத்துக்குத் திரும்பியது. பிலிம் பெர்மிட் யாருக்கு எவ்வளவு என்பது வாழ்வா சாவா பிரச்சனை ஆனது. டெல்லியில் எழுந்து நின்று கேள்வி கேட்கக்கூடிய ஆள் மிகவும் தேவைப்பட்ட நேரம் அது.

அதன் பிறகு நாற்காலி

சுதந்திரத்துக்குப் பிறகு வர்த்தக சபை வளர்ந்தது. தலைவர் பதவிக்கு வெளியிலிருந்து ஆள் தேட வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. விஜயா-வாகினியின் பி. நாகிரெட்டி மாதிரி ஸ்டூடியோ கட்டி ஆண்டவர்களே அந்த நாற்காலிக்கு வந்தார்கள். நாகிரெட்டியின் பின்னணியும் சுவாரஸ்யமானது. அச்சகம் நடத்தி, 1947-ல் சந்தமாமா பத்திரிகையைத் தொடங்கியவர். தமிழ்க் குழந்தைகளுக்கு அது அம்புலிமாமா.

சுந்தராம்பாள் பின்னாளில் மேலவை உறுப்பினர் ஆனார். மேடையில் பாட வைத்து அழைத்து வந்த கட்சியே அவரை அவையில் உட்கார வைத்தது. சினிமாக்காரர்கள் அரசியலுக்கு வரலாமா என்ற கேள்வி தமிழ்நாட்டில் அத்தோடு பழசாகிவிட்டது. 1967-க்குப் பிறகு அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா என்று திரைத்துறையோடு தொடர்புள்ளவர்கள் வரிசையாக முதல்வர் ஆனார்கள். அவர்களில் முதல் இருவர் கதை வசனம் எழுதியவர்கள், மற்ற மூவர் நடித்தவர்கள். ஆனால் இவர்களில் யாரும் சத்தியமூர்த்தி இருந்த காங்கிரஸிலிருந்து முதல்வர் ஆகவில்லை.

சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி அப்பாவின் கலை ஆர்வத்தை வேறு பக்கம் கொண்டுபோனார். அவர் நடத்திய வாசகர் வட்டம் பதிப்பகம், நவீனத் தமிழ் இலக்கியத்தின் முக்கியமான பல நூல்களை வெளியிட்டது. சிறையிலிருந்தபடி அந்த மகளுக்கு அப்பா எழுதிய கடிதங்களும் புத்தகமாக வந்திருக்கின்றன.